கலாவின் முறை

ஜனவரி 4, சனி

காலையில் தூறல். பத்து மணிக்கு வெயில். துணியை வெளியே போட்டதும் திரும்பவும் தூறல். இந்த டயரி ஒஃபிசில் கொடுத்தது. போன வருட டயரியில் பெப்ரவரியோடு நிறுத்திவிட்டேன். இந்த முறை பார்ப்போம்.

தங்கச்சி கலா (இனி க. என்றே எழுதுகிறேன், கை வலி) லீவுக்கு வந்துவிட்டுப் போய் மூன்று நாள். லுணுகலைக்கு மேலே ஒரு எஸ்டேட் பாடசாலையில் டீச்சர். குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறாள். போகிற அன்று காலையில் என் போனை வாங்கி ஏதோ இறக்கினாள். என்னவென்று கேட்டேன்.

“கேம்க்கா. நட்சத்திரம், கிரகம், கப்பல். நீ ஒரு ராஜ்ஜியம், நான் ஒரு ராஜ்ஜியம்.”

“எனக்கு நாப்பத்தி நாலு வயசு.”

“அதனால என்ன? நாம போன்ல என்ன பேசுறோம்னு யோசிச்சுப் பாரு. சாப்பிட்டியா. மழையா. சரி வைக்கிறேன். அவ்வளவுதான். இத வெளாண்டா பேசுறதுக்கு ஒரு விஷயமாச்சும் கிடைக்கும்.”

உண்மைதான். ஏழு வயது வித்தியாசம். அம்மா போனபின் அவளுக்குத் தலை வாரிவிட்டவள் நான். அதனால் பேச்செல்லாம் தலை வாரிவிடுகிற பேச்சாகவே நின்றுவிட்டது.

இன்னும் திறந்து பார்க்கவில்லை. நாளைக்கு.

வாங்க: பருப்பு, சவர்க்காரம், வீட்டுக்காரருக்கு ரெயின்கோட் பட்டன்.

ஜனவரி 5, ஞாயிறு

திறந்தேன். கறுப்புத் திரை, நடுவில் ஒரு நீல உருண்டை. அது நான். என் ராஜ்ஜியம் நீலம், க.வுடையது செம்மஞ்சள். மற்றவர்களைப் போனே ஆடுகிறது. இருவர்: பூச்சி மாதிரி ஒரு கூட்டம், வியாபாரம் மட்டும் பேசுகிற இன்னொரு கூட்டம்.

ஆளுக்கொரு முறை. நான் செய்ய வேண்டியதைச் செய்து ‘அனுப்பு’ தட்டினால் அவள் முறை. அவள் அனுப்பும்வரை நான் சும்மா இருக்க வேண்டும். அவள் குவார்ட்டர்ஸில் சிக்னல் இல்லை. மேலே மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும், என்னோடு பேசவும் பின்னேரங்களில் அங்கேதான் ஏறுவாள். முறையைச் செய்து வைத்தால் சிக்னல் கிடைக்கிற இடத்தில் தானாகப் போய்விடுமாம்.

முதல் முறையில் மூன்று கப்பலையும் தூரத்து நட்சத்திரத்துக்கு அனுப்பினேன். திரும்பி வர எரிபொருள் இல்லை. மூன்றும் அங்கேயே.

க.விடம் சொன்னேன். சிரித்தாள். ஐந்து நிமிடம் பேசியிருப்போம். சாப்பாட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

ஒஃபிஸ். காணிப் பிரிவில் இன்று நல்ல கூட்டம். மதியம் நஸ்ரின் (என் பக்கத்து மேசை, இனி ந.) என் போனை எட்டிப் பார்த்தாள்.

“என்ன ரஞ்சனி அக்கா, புள்ளைங்க வெளாடுறதெல்லாம் வெளாடுறீங்க?”

“காணிப் பிரிவு வேலைதான். இங்க காணி அளக்கிற பேர்ச்சஸ், அங்க கிரகம்.”

நினைத்துப் பார்த்தால் அப்படித்தான். எல்லை, உரிமை, பக்கத்துக்காரன். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறதோ.

கற்றது, மறக்காமல் இருக்க:
– சாப்பாடு முதலில். சாப்பாடு இல்லாத கிரகத்தில் ஜனம் கூடாது.
– பனிக்கட்டிக் கிரகம் வேண்டாம்.
– பூச்சிகளிடம் எதையும் விற்காதே. வாங்கிக்கொண்டு சண்டைக்கு வருகின்றன.
– க.வோடு உடன்படிக்கை. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் வரலாம்.
– எரிபொருள். எரிபொருள். எரிபொருள்.

இப்போது ஐந்து கிரகம். அவர் (என் வீட்டுக்காரர், பதுளை ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பொயின்ட்ஸ்மேன்) டியூட்டி முடிந்து வந்து பார்த்துவிட்டு, “சோறு வைக்க எந்தக் கிரகத்துக்குப் போகணும்?” என்றார். சோறு அரைமணி நேரம் பிந்தியது உண்மை.

ஜனவரி 9, வியாழன்

காலையில் கேமைத் திறந்தால் திறக்கவில்லை. அப்டேட் வேண்டுமாம். ரீலோட் போட்ட டேட்டா முழுக்க அதற்கே போனது.

திறந்தபின் தலை சுற்றியது. சாப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். சாப்பாடு என்ற ஒன்றே இப்போது கேமில் இல்லை. ஜனம் கூடுவதற்கு இனி வியாபாரப் பாதை வேண்டுமாம். நான் பயிர் வைத்த இரண்டு கிரகமும் வெறும் கல். நேற்றுவரை வேண்டாமென்று விட்ட பனிக்கட்டிக் கிரகத்தில்தான் இப்போது விலை கூடிய பொருள் கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமை எழுதிய பட்டியலில் முதல் இரண்டும் இனி செல்லாது. பேனையால் அடித்தேன்.

க.வைக் கூப்பிட்டுப் பொரிந்தேன். “நாலு நாளா படிச்சதெல்லாம் வீண். யாரைக் கேட்டு மாத்தினாங்க?”

“அப்படித்தான்க்கா. மாசத்துக்கு ரெண்டு மூணு தரம் மாத்துவாங்க. நான் ஆட ஆரம்பிச்சப்போ ஆளுக்கு ஒரு கப்பல்தான். அப்புறம் கோபுரம்னு ஒண்ணு வந்துச்சு, அதையும் எடுத்துட்டாங்க. மாறுனா புதுசா படிக்க வேண்டியதுதான்.”

“உனக்குக் கோபம் வரலியா?”

“மொத தடவ வந்துச்சு. இப்ப என்ன மாத்தியிருக்காங்கன்னு பாக்க ஆசையா இருக்கும்.”

அவளுக்கு மாற்றம் ஆசை. எனக்கு வீட்டில் நாற்காலியை நகர்த்தினாலும் பிடிக்காது. ஆனாலும் மாலைக்குள் ஒரு வியாபாரப் பாதை போட்டுவிட்டேன், என் மூன்றாம் கிரகத்திலிருந்து க.வின் தலைநகருக்கு. கோடு மாதிரி மெல்லிய வெளிச்சம். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 11, சனி

மழை. நேற்று மாலை பிடித்தது, விடவில்லை. வாசலில் தண்ணீர்.

க.வோடு சண்டை. நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பதுளையில் ஒரு பாடசாலையில் இடம் காலியாகிறது என்று ஒஃபிசில் காதில் விழுந்தது. விண்ணப்பப் படிவம் வாங்கி, அவள் பெயர், விலாசம், சேவைக் காலம் எல்லாம் நானே நிரப்பினேன். கையெழுத்து மட்டும் பாக்கி. மூன்று மணிக்கு, அவள் மேட்டில் இருக்கிற நேரம் பார்த்து, கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“என்னக் கேக்காம ஏன்க்கா நிரப்பின?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவ.”

“தெரியுதுல்ல. இந்த மலையில கணக்குக்கு நான் ஒருத்திதான். நான் வந்துட்டா இந்தப் புள்ளைங்களுக்கு யாரு?”

“அந்தப் பாதையில நீ தனியா நடக்கிறத நினைச்சு எனக்குத் தூக்கம் வர்றதில்ல. அது உனக்குப் பெருசா தெரியல.”

“நீ பயப்படுறதுக்காக நான் வேலைய விட முடியுமா?”

அப்போதே லைன் விட்டுவிட்டு வந்தது. நான் சொன்னேன்: “சரி, அங்கேயே கிட. இனி எனக்குக் கூப்பிடாதே.” லைன் போய்விட்டது. நான் வைத்தேனா, அவள் வைத்தாளா, மழையா, தெரியாது.

ஐந்து மணிக்கு கேமில் அவள் முறையை அனுப்பியிருந்தாள். பேச்சு இல்லை, முறை மட்டும். நானும் என்னுடையதை அனுப்பினேன். பேச்சு இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

மழை நிற்கவில்லை. காலை ஆறு மணிக்குக் கரண்ட் போனது. அவரை ஸ்டேஷனுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஹாலிஎலவுக்கு அப்பால் ரயில் பாதையில் மண் விழுந்திருக்கிறது. வெளியே ஆற்றுச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

பத்து மணிக்கு கோபத்தை விட்டு க.வைக் கூப்பிட்டேன். ‘தொடர்புகொள்ள முடியாது’ என்று அந்தப் பெண் குரல். பன்னிரண்டுக்கு. இரண்டுக்கு. நான்குக்கு. அதே குரல்.

அவர் நனைந்து வந்து சொன்னார்: “பசறை ரோட்ல ரெண்டு எடத்துல சரிஞ்சிருக்காம். பஸ் ஓடல.”

“லுணுகலை?”

“அங்கயிருந்து ஒரு தகவலும் இல்ல.”

ஜனவரி 13, திங்கள். போயா, பௌர்ணமி லீவு

மழை குறைந்தது. கரண்ட் இல்லை. அவர் ஸ்டேஷனில் போனை சார்ஜ் பண்ணிக் கொண்டுவந்தார்.

க.வுக்கு லைன் கிடைக்கவில்லை. அதிபரின் நம்பர் இருந்தது. அதிபர் லீவில் ஊருக்கு, மட்டக்களப்புக்குப் போயிருக்கிறார். “நானும் டிரை பண்ணிட்டுத்தான் இருக்கேன்மா. மலையில டவர் விழுந்திருக்கும்” என்றார். குரலில் தைரியம் இருந்தது. எனக்காக வரவழைத்தது.

கேமைத் திறந்தேன். மேலே ஒரு வரி: கலாவின் முறைக்காகக் காத்திருக்கிறது. கடைசியாக வந்தது: 2 நாளுக்கு முன்.

இருபது தரமாவது திறந்திருப்பேன். 2 நாள். 2 நாள்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வெயில். பொங்கலுக்கு என்று வந்த மாதிரி.

வைக்காமல் இருக்கலாம் என்றேன். “வை. அவ வந்து கேப்பா” என்றார் அவர். வைத்தேன். பால் பொங்கியதும் அடுப்பைத் தணித்தேன். சாப்பிட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் தோட்டத்து லய வீடுகள் மண்ணுக்குள் போய்விட்டதாக ரேடியோவில். எந்த எஸ்டேட் என்று சொல்லவில்லை. அவர் உடனே ரேடியோவை நிறுத்தினார். நான் திரும்பப் போட்டேன். அவர் நிறுத்தினார்.

அங்கேயே கிட என்று சொன்னேன். அங்கேயே கிட.

ஜனவரி 15, புதன்

ஒஃபிஸ். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று போனேன். ந. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அவளுடைய அண்ணன் (நானா என்பாள்) லுணுகலை டவுனில் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் கூப்பிட்டு, போனை என்னிடம் கொடுத்தாள்.

“டவுன் பரவாயில்ல தங்கச்சி,” என்றார். “மேல போற ரோட் இல்ல. பாலத்தோட போயிட்டு. ஆர்மி வந்து பாக்குது. நடந்து வந்தவங்க ரெண்டு பேரு கடைக்கி வந்தாங்க, அது வேற எஸ்டேட். ஒங்கட தங்கச்சிட பேரச் சொல்லுங்க, நான் வாற போற எல்லாரிட்டயும் கேக்கிறன்.”

பெயர் சொன்னேன். ந. போனை வாங்கி எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

மதியம் கேமைத் திறந்தால் திரும்பவும் அப்டேட். ந. தன் டேட்டாவைத் தந்தாள். இந்த அப்டேட்டில் என்ன மாற்றம் என்று ஒரு நீண்ட பட்டியல். நடுவில் ஒரு வரி: ஐந்து நாள் முறையை அனுப்பாதவரின் ராஜ்ஜியத்தை இனி கணினி ஏற்று நடத்தும். முன்பு பதினைந்து நாள்.

சனி மாலை ஐந்து மணி. ஐந்து நாள் என்றால் நாளை மாலை.

விளையாட்டுத்தான். தெரியும். ஆனாலும் மணியைத் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தேன்.

ஜனவரி 16, வியாழன்

வெயில். அவரும் நானும் காலையிலேயே கிளம்பி பசறை வரை த்ரீவீலரில். அதற்கு மேல் போக விடவில்லை. தடுப்பில் நின்ற பொலிஸ்காரருக்கு என் சிங்களம் புரிந்தது, ஆனால் மேலே என்ன நிலை என்று அவருக்கும் தெரியவில்லை. “நாளன்னிக்குத் தொறப்பாங்களாம்” என்று வீட்டுக்காரர் வேறு ஆட்களிடம் கேட்டுவந்து சொன்னார். திரும்பினோம்.

மாலை ஐந்து மணிக்குப் போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பத்துக்கு மாறியது. ‘கலா’ என்றிருந்த இடத்தில் ‘கணினி’. செம்மஞ்சள் நிறம் அப்படியே. பெயர் மட்டும் இல்லை.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

ஜனவரி 17, வெள்ளி

மெதுவாக எழுதுகிறேன்.

ஒஃபிசில் பதினொன்று நாற்பதுக்கு மேசையில் போன் அதிர்ந்தது. கேமிலிருந்து ஒரு செய்தி:

கலா அனுப்பிய முறை ஏற்கப்படவில்லை. அவரிடம் இருப்பது பழைய பதிப்பு.

மூன்று தரம் படித்தேன். ந.விடம் நீட்டினேன். அவளுக்குக் கேமைப் பற்றி ஒன்றும் தெரியாது. “என்ன அக்கா, பிழையா ஏதும் வந்திருக்கா?” என்றாள்.

அவருக்குக் கூப்பிட்டேன். வாசித்துக் காட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே பயம் வந்தது. “சிக்னல் கிடைச்சா தானாப் போற மாதிரிதான் அது. அவ செஞ்சு வச்சிருந்தது இப்ப தானாப் போயிருந்தா? அவ இல்லாம போன் மட்டும்...”

ஸ்டேஷன் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “அவ குவார்ட்டர்ஸ்ல சிக்னல் கிடையாது. மேல ஏறினாத்தான் கிடைக்கும்னு நீதான் சொல்லுவ. போன் தனியா மலை ஏறாது ரஞ்சனி.”

போன் தனியாக மலை ஏறாது. நாற்காலியில் உட்கார்ந்தேன். ந. தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஆனால் வேறு யாராவது அவள் போனை எடுத்துக்கொண்டு ஏறியிருந்தால்? இதை அவரிடம் சொல்லவில்லை. ந.விடமும் சொல்லவில்லை. இருபது நிமிடம் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது.

“அக்கா.”

“...”

“அக்கா, கேக்குதா? சார்ஜ் இல்ல. நான் நல்லாயிருக்கேன். எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம். எனக்கு ஒண்ணும் இல்ல. நீ அழாத. வச்சிர்றேன்.”

‘ம்’ கூடச் சொன்னேனா தெரியாது. போன் காட்டிய கணக்கு: முப்பத்தெட்டு வினாடி.

காணிப் பிரிவுக்கு அலுவலாக வந்திருந்த ஒரு வயதான ஐயா, சிங்களவர், என்னவென்று ந.விடம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் தன் கோப்பை மூடி, “நான் திங்கட்கிழமை வருகிறேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் மகள்” என்றார்.

போனேன். வந்ததும் பசித்தது. ஞாயிற்றுக்குப் பிறகு முதல் தரம். பாணும் சம்பலும். அரை றாத்தல் பாண் நான் ஒருத்தியே.

ஜனவரி 18, சனி

பசறைத் தடுப்பைத் திறந்துவிட்டார்கள். கொண்டுபோனது: அரிசி, பருப்பு, மெழுகுதிரி, பனடோல், க.வுக்கு இரண்டு உடுப்பு, பவர் பேங்க், ஒரு கிலோ மிக்ஸ்சர் (அவர் வாங்கியது, ஏன் என்று தெரியாது). லுணுகலை வரை பஸ். ந.வின் நானா கடை வாசலிலேயே நின்றார், ஒரு மூட்டை பிஸ்கட்டோடு. “இதையும் கொண்டு போங்க. பேர் வேணாம்” என்றார். பாலம் இருந்த இடத்தில் ஆர்மி கயிறும் பலகையும் போட்டிருக்கிறது. அதற்கப்பால் நடை. இரண்டு மணி நேரம்.

தேயிலைச் சரிவில் பழுப்பாக ஒரு கீறல். மேலேயிருந்து கீழே வரை, யாரோ கையால் வழித்த மாதிரி. அதன் ஓரத்தில் லயம். கடைசி மூன்று வீடு இல்லை. நான்காவது வீட்டின் சுவரில் ஒரு காலண்டர் வெளியே தெரிகிறது.

க. பாடசாலை முற்றத்தில் பெரிய பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். யாருடைய சாரத்தையோ கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பானையை வைத்துவிட்டு வந்தாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். முடியெல்லாம் மண்.

நடந்ததை அவள் சொல்லவில்லை. கங்காணி பெரியசாமி அண்ணன்தான் சொன்னார்.

“சனிக்கெழம பின்னேரம் டீச்சரம்மா லயத்துப் பக்கம் வந்தாங்க. மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி சேறா வருது, கடசி வீட்டுக்குப் பின்னால நெலம் வெடிச்சிருக்கு, எல்லாரும் ஸ்கூலுக்கு வாங்கன்னாங்க. எங்காளுக கேப்பாங்களா? மழைக்கு எங்க போறது, சாமான யாரு பாக்குறதுன்னு ஒருத்தரும் அசையல. நானே போகலங்க.”

“அப்புறம்?”

“திரும்பப் போனாங்க. அரமணி நேரங்கழிச்சு வந்து, பொங்கலுக்கு அரிசியும் சீனியும் ஸ்கூல்ல கொடுக்கிறாங்க, குடும்பத்தோட வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கிடைக்கும், இன்னிக்கே கடசின்னாங்க. அதுக்கு எல்லாம் கெளம்பிட்டோம். போய்ப் பாத்தா அரிசியும் இல்ல ஒண்ணும் இல்ல. டீச்சரம்மா கதவச் சாத்திட்டு, விடியட்டும், அப்புறம் என்னத் திட்டுங்கன்னாங்க. திட்டத்தான் செஞ்சோம். என் சம்சாரம் பேசுன பேச்சு இருக்கே.”

“விடியிறப்ப?”

“சத்தம் கேட்டுச்சு,” என்றார். அந்தக் கீறலைப் பார்த்தார். “கடசி மூணு வீட்டுலயும் பதினாலு உருப்படிங்க. கைக்கொழந்த ரெண்டு. எல்லாம் அந்தா உக்காந்திருக்கு.”

பார்த்தேன். பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம். நான் கூப்பிட்டது மூன்று மணிக்கு. என்னோடு சண்டை போட்டுவிட்டு, அப்படியே போய் இதைச் செய்திருக்கிறாள். நடுவில் ஐந்து மணிக்குக் கேமில் முறையும் அனுப்பியிருக்கிறாள்.

கேட்டேன். “அதுவா?” என்றாள். “மேல சிக்னல் கிடைக்கிற எடத்துக்குத்தான் ஓடினேன். கிராம சேவகர் ஜீஎஸுக்குச் சொல்லணும்னு. கோல் போகவே இல்ல. கேம் மட்டும் தானாப் போயிருச்சு. நேத்தும் அதேதான். உனக்குக் கோல் எடுக்க ஏறினேன், அது முந்திக்கிச்சு.”

ஜனவரி 19, ஞாயிறு

இங்கேயே தங்கினோம். வகுப்பறைத் தரையில் படுத்தோம். ஏழு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டேன், இத்தனை சனத்தின் நடுவில். ஒரு கிழமையில் முதல் தூக்கம்.

காலையில் அவரும் பெரியசாமி அண்ணனும் கக்கூஸுக்குத் தகரம் அடிக்கப் போனார்கள். நானும் க.வும் படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். ஒரு கிழமையாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

“அன்னிக்கு நான் கடைசியா சொன்னது...”

“அங்கேயே கிடன்னு சொன்ன. அது கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஏதோ சொன்ன, லைன் போயிருச்சு. என்ன சொன்ன?”

இனி எனக்குக் கூப்பிடாதே என்றேன். அதை இவள் கேட்கவேயில்லை. எட்டு நாள் நான் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“சாப்பிட்டியான்னு கேட்டேன்,” என்றேன்.

சிரித்தாள். “நெனச்சேன்.”

பொய்தான். திருத்தப் போவதில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

படிவத்தைப் பற்றி அவளே கேட்டாள். கிழித்துவிட்டேன் என்றேன். அது உண்மை, வெள்ளிக்கிழமையே கிழித்தேன். “பயம் போகல. ஆனா நீ இங்க இல்லாம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

பவர் பேங்கில் அவள் போனை சார்ஜ் பண்ணினோம். மேலே ஏறி அப்டேட் இறக்க முக்கால் மணி நேரம். திறந்ததும் தன் ராஜ்ஜியத்தைத் தேடினாள்.

“யாருக்கா இந்தக் கணினி?”

சொன்னேன். மூன்று நாளாக அது என்ன செய்திருக்கிறது என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அவள் ஆரம்பத்திலிருந்தே பிடிக்க முடியாத ஒரு நிலவைப் பிடித்திருக்கிறது. பூச்சிகளோடு சமாதானம் வேறு.

“என்ன விட நல்லா ஆண்டிருக்கு,” என்றாள். உண்மையாகவே கொஞ்சம் முகம் வாடியது. நான் சிரித்த சிரிப்பில் கீழே தகரம் அடிப்பது நின்றது.

ஜனவரி 23, வியாழன்

பனிமூட்டம். மழை இல்லை. ஒஃபிஸ். காணிப் பிரிவுக்கே அந்த எஸ்டேட் கோப்பு வந்திருக்கிறது: லயத்துக்காரருக்கு மாற்று இடம், வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ், பாடசாலைக்கு மேற்பக்கம் தட்டையான துண்டு. என் மேசைக்குத் தாருங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். எத்தனை கிழமை எடுக்குமோ. இதில் நான் பிந்தமாட்டேன்.

அந்த வயதான ஐயா திங்கட்கிழமை வந்துபோனார். அவருடைய காணி உறுதிப் பிரதி கையோடு எடுத்துக் கொடுத்தேன். தங்கச்சிக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார்.

க. தினமும் கூப்பிடுகிறாள், மேலே ஏறி. தற்காலிக டவர் வருமாம். வந்தால் குவார்ட்டர்ஸிலேயே சிக்னல்.

ஜனவரி 25, சனி

நேற்றோடு பாடசாலைத் தவணை முடிந்தது. க. மதிய பஸ்ஸில் வந்தாள், ஒரு பை அழுக்குத் துணியோடு. வெயில் நல்ல வெயில். மூன்று கொடி நிறையக் காய்கிறது.

கேமில் அப்டேட். இந்த முறை நான் புலம்பவில்லை. கப்பல்களுக்குப் பெயர் வைக்கலாம், மூன்றாவது ஆளைச் சேர்க்கலாம், எரிபொருள் கணக்கு புதிது. விட்டுப்போன ராஜ்ஜியத்தைத் திரும்பக் கேட்டு வாங்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். க. வாங்கவில்லை. “அதுவே ஆளட்டும். நாம புதுசு ஆரம்பிப்போம்” என்றாள்.

மூன்றாவது ஆள் யார் என்று பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கதவருகில் நின்று, “எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு” என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பச்சை ராஜ்ஜியம். கப்பல்களுக்கெல்லாம் ரயில் பெயர். முதல் இரண்டு முறை ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறையில் நேராகப் போய் க.வின் தலைநகருக்குப் பக்கத்துக் கிரகத்தில் இறங்கிவிட்டார்.

“மச்சான், அது நான் எடுக்க வச்சிருந்தது.”

“சும்மாதானே கெடந்துச்சு.”

“அக்கா, மச்சானுக்குச் சொல்லு.”

“எனக்கென்ன சொல்றது? லைன் க்ளியரா இருந்துச்சு, போனேன்.”

இன்னும் சண்டை. இரண்டு பேரும் எழுந்து நின்று பேசுகிறார்கள். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற வாசம், போக வேண்டும்